பெயர்ப்பட்டியலும் அதன் பூட்டும்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியலின் மதிப்பை எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் பெயர்கள் கூப்பிடப்படும். வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். பிற்பகலில் பால் கொட்டகையில் எடை போட்டவுடன் அதே பெயருக்கு நேரே இராத்தலோ கிலோவோ எழுதப்படும். மாத முடிவில் கிராணியார் அவற்றையெல்லாம் கூட்டி, செக்ரோல் புத்தகத்தில் சம்பளத்தைக் குறிப்பார். ஒரு கோடு விடுபட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. ஓர் எழுத்து மாறினால் ஒருவர் பெயரில் வர வேண்டியது மற்றொருவருக்குப் போயிற்று. ஆதலால்தான் அப்புத்தகம் தோட்ட அலுவலகத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தது. அதில் எழுதும் உரிமை ஓரிருவருக்கு மட்டுமே இருந்தது.

இன்று பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களிற் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ புந்தோங்கிலும், சிம்மோரிலும், சுங்கை சிப்புட்டிலும், தெலுக் இந்தானிலும், அதற்கு அப்பாலும் குடியேறியுள்ளன. மக்கள் சிதறினாலும் உறவு சிதறவில்லை. பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா நடைபெறுகின்றது. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடுகின்றது. மரண சகாய நிதி திரட்டப்படுகின்றது. வீட்டு மனைக்கோ நல உதவிக்கோ மனுச் செய்வோர் பட்டியல் தயாரிக்கப்படுகின்றது. இவை யாவற்றுக்கும் பெயர்ப்பட்டியல் தேவை. அப்பட்டியல் இப்போது தடித்த புத்தகத்தில் இல்லை. திறன்பேசியில் தோன்றும் இணைய விரிதாளில் இருக்கின்றது.

புத்தகம் மாறிவிட்டது. ஆனால் அதற்குரிய பூட்டும் அலமாரியும் நம்முடன் வந்தனவா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரிதாள் என்பது யாது?

விரிதாள் என்பது நெடுக்கும் குறுக்குமாகக் கட்டங்கள் இடப்பட்ட கணக்குத் தாள். செக்ரோலை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து கீழாகத் தொழிலாளர்களின் பெயர்கள். இடமிருந்து வலமாக 1 முதல் 31 வரை தேதிகள். கடைசியில் கூட்டுத் தொகை. விரிதாளும் அதே அமைப்பை உடையதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கூட்டலையும் கழித்தலையும் அது தானே செய்துகொள்ளும். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மொத்தமும் உடனே மாறிவிடும்.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேன் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்ற இருவர் உருவாக்கிய ‘விசிகால்க்’ என்னும் செயலியே சிறு கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட முதல் விரிதாள். 1985ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘எக்செல்’ வந்தது. 2006ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் இணையத்திலேயே இயங்கும் விரிதாளை வெளியிட்டது. அதன் சிறப்பு யாதெனில், ஒரே தாளைப் பலர் தத்தம் இடத்திலிருந்தே ஒரே நேரத்தில் திறந்து எழுத முடியும். ஈப்போவில் இருக்கும் பொருளாளர் வரவை எழுதும்போது, சிங்கப்பூரில் வேலை செய்யும் துணைச் செயலாளர் அதைத் தம் திரையில் அப்போதே காண்கிறார். எவரும் பேருந்து ஏறி வந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. கணக்கு மறைவாக இருப்பதால் எழும் ஐயங்களும் மனக்கசப்புகளும் பெரிதும் குறைகின்றன. இந்த நன்மையை நாம் இழக்கக் கூடாது. பகிர்ந்துகொள்வது நல்லதே, யாருடன், எவ்வளவு, எதுவரை என்று அறிந்து பகிர்வதுதான் முக்கியம்.

ஒரு வரியில் எத்தனை செய்திகள்!

நமது சங்கங்களின் பட்டியல்களில் பொதுவாக என்னென்ன இருக்கின்றன? பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், வீட்டு முகவரி. உதவித் தொகை வழங்குவதாயின் வங்கிக் கணக்கு எண், மாத வருமானம், சில வேளைகளில் நோயின் பெயரும்கூட.

இவற்றுள் அடையாள அட்டை எண்ணை மட்டும் சற்று ஆராய்வோம். அது 12 இலக்கங்கள் கொண்டது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிக்கும். பேராக்கிற்குரிய எண்களுள் 08 நாம் நன்கு அறிந்தது. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். ஆகவே அந்த ஓர் எண்ணே ஒருவரின் வயதையும் பிறந்த மாநிலத்தையும் பாலினத்தையும் சொல்லிவிடுகின்றது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், தொலைபேசி எண்ணையும் மாற்றலாம். பிறந்த நாளை மாற்ற முடியுமா?

மோசடிக்காரன் ஒருவன் தொலைபேசியில் அழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “வணக்கம் அம்மா, உங்கள் முழுப் பெயர் இது, அடையாள அட்டை எண் இது, போன மாதம் இந்த வங்கிக் கணக்கில் உங்களுக்கு உதவித் தொகை வந்தது அல்லவா? அதில் ஒரு சிக்கல்” என்று அவன் கூறுவானாயின், வயது முதிர்ந்த ஒரு தாய் அவனை மெய்யான அதிகாரி என்றே நம்பிவிடக் கூடும். அவன் கூறிய அனைத்தும் உண்மை. அவன் மட்டுமே பொய். அந்த உண்மைகள் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தன? கவனமின்றிப் பகிரப்பட்ட ஒரு பட்டியலிலிருந்தும் கிடைத்திருக்கலாம்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மலேசியக் கைத்தொலைபேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 இலட்சம் எண்கள் பற்றிய விவரங்கள் கசிந்து விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தமை வெளிச்சத்துக்கு வந்தது. நாட்டு மக்கள்தொகையைவிட அது அதிகம். ஏனெனில் பலரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்தன. அவ்வளவு பெரிய கசிவைத் தடுப்பது தனி மனிதரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆனால் நம் கையில் உள்ள சிறு பட்டியலைக் காப்பது நம் ஆற்றலுக்கு உட்பட்டதே.

திருடனில்லாமலே போன பொருள்

பட்டியல்கள் வெளியே போவதற்குக் கணினித் திருடர்கள்தாம் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறு நேர்வதில்லை. உரியவர்களே கதவைத் திறந்து வைத்துவிடுகின்றனர். இதற்கு இரு சான்றுகளைக் கூறுவோம்.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ரஷ்யாவின் ‘யாண்டெக்ஸ்’ தேடுபொறியில் பிறருடைய கூகுள் கோப்புகள் தேடல் முடிவுகளாகத் தோன்றின. கடவுச்சொற்களை எழுதி வைத்திருந்த கோப்புகளும் அவற்றுள் இருந்தன. எவரும் பூட்டை உடைக்கவில்லை. ‘இணைப்பு உள்ள எவரும் திறக்கலாம்’ என்று உரிமையாளர்களே அனுமதி கொடுத்திருந்தனர். இணைப்பு பொது இடங்களில் இடப்பட்டபோது தேடுபொறியும் அந்த ‘எவரும்’ என்பதில் ஒன்றாகிவிட்டது.

மற்றொன்று இன்னும் கொடியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், வட அயர்லாந்துக் காவல்துறை, ஒவ்வொரு பதவியிலும் எத்தனை பேர் உள்ளனர் என்று கேட்ட பொதுமக்கள் ஒருவருக்கு விடையாக ஒரு விரிதாளை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தில் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. ஆனால் அதே கோப்பில் மறைத்து வைக்கப்பட்ட மற்றொரு பக்கமும் இருந்தது. அதில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை இருந்தன. சில மணி நேரத்தில் அக்கோப்பு நீக்கப்பட்டபோதிலும், அதற்குள் அது பிறர் கைக்குப் போய்விட்டது. ஆயுதக் குழுவினரிடமும் அப்பட்டியல் சேர்ந்திருப்பதாகக் காவல்துறையே பின்னர் அறிவித்தது. தாங்கள் காவல்துறையில் பணிபுரிவதை அண்டை வீட்டாருக்கும் கூறாமல் வாழ்ந்த பலர் அதனால் அச்சத்துக்குள்ளாயினர். 2024ஆம் ஆண்டில் அக்காவல்துறைக்கு 750,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடங்கள் இரண்டு. ஒன்று, இணைப்பு என்பது சாவி; அதைப் பொது இடத்தில் தொங்கவிடக் கூடாது. மற்றொன்று, மறைத்தல் வேறு, நீக்குதல் வேறு. திரைச்சீலையின் பின்னால் வைத்த பொருள் வீட்டில்தான் இருக்கின்றது.

இணைப்பா, பெயரா?

இனி, செய்முறைக்கு வருவோம். கூகுள் விரிதாளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாளின் மேற்புறத்தில் ‘ஷேர்’ என்ற பொத்தான் இருக்கும். மலாய் மொழியில் அது ‘கொங்சி’ எனத் தோன்றும். அதை அழுத்தினால் பகிர்வதற்கான இரண்டு வழிகள் தென்படும்.

முதல் வழி, குறிப்பிட்டவர்களின் மின்னஞ்சல் முகவரியை எழுதி அவர்களை மட்டும் சேர்ப்பது. புதிய தாள் தொடங்கும்போது தனிப்பட்டவர் கணக்கில் பொது அனுமதி ‘ரெஸ்ட்ரிக்டட்’, அதாவது ‘வரம்பிடப்பட்டது’ என்ற நிலையில் இருக்கும். அந்நிலையில் இணைப்பு வேறொருவர் கைக்குப் போனாலும் அவரால் திறக்க இயலாது. பெரட்டில் பெயர் கூப்பிடுவது போன்றது இது. பெயர் உள்ளவர்க்கே இடம்.

இரண்டாவது வழி, ‘இணைப்பு உள்ள எவரும்’ என்ற நிலைக்கு மாற்றி, அந்த இணைப்பைப் புலனக் குழுவில் அனுப்பிவிடுவது. இது எளிது, ஆதலால்தான் பலரும் இதைச் செய்கின்றனர். குழுவில் 200 பேர் இருக்கின்றனர் என்று கொள்வோம். அவர்களுள் ஒருவர் அதை வேறு குழுவுக்கு அனுப்பினால், இப்போது அதைக் காண்போர் எத்தனை பேர் என்பதை அறிய வழியே இல்லை.

திருவிழா நிகழ்ச்சி நிரல், உபயக்காரர்களுக்கான தேதிகள், விளையாட்டுப் போட்டி அட்டவணை போன்ற எவர் பார்த்தாலும் தீங்கில்லாதவற்றுக்கு இரண்டாவது வழியைப் பயன்படுத்தலாம். அப்போதும் பார்க்கும் உரிமையை மட்டுமே அளிக்க வேண்டும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், வருமானம் இவற்றுள் ஒன்றேனும் உள்ள தாளை முதல் வழியிலேயே பகிர வேண்டும். இதில் விதிவிலக்குக் கூடாது.

மூன்று வகை உரிமைகள்

ஒருவரைச் சேர்க்கும்போது அவருக்கு எவ்வகை உரிமை என்பதையும் நாம் தீர்மானிக்கலாம். ‘வியூவர்’ என்பவர் பார்க்கலாம், எழுத முடியாது. ‘கமெண்டர்’ என்பவர் பார்த்துக் குறிப்புரை எழுதலாம். கட்டங்களில் உள்ளதை மாற்ற முடியாது. ‘எடிட்டர்’ என்பவர் எதையும் எழுதலாம், அழிக்கலாம்.

செக்ரோலில் கிராணியார் எழுதினார். மண்டோர் தம் குறிப்பைக் கொடுத்தார். தொழிலாளி தம் வரியைப் பார்த்துக் கேள்வி கேட்டார். இப்பிரிவினையை அப்படியே இங்கும் கொள்ளலாம். செயலாளர், பொருளாளர் என இருவருக்கு எழுதும் உரிமை போதும். கணக்காய்வாளருக்குக் குறிப்புரை உரிமை கொடுக்கலாம். மற்ற செயலவையினருக்குப் பார்க்கும் உரிமை போதுமானது. ‘எனக்கு ஏன் எழுத உரிமை இல்லை?’ என்று எவரேனும் மனம் வருந்தினால், அது நம்பிக்கை பற்றியதன்று, பொறுப்பு பற்றியது என்று அன்புடன் விளக்க வேண்டும். எழுதும் உரிமை பத்துப் பேருக்கு இருந்தால், தவறு நேரும்போது பத்துப் பேரும் ஐயத்துக்கு ஆளாக நேரிடும்.

இங்கே பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. எழுதும் உரிமை பெற்றவர், உரிமையாளரைக் கேளாமலே பிறரையும் சேர்க்கலாம் என்பதே இயல்பான அமைப்பு. இன்று நாம் இருவரைச் சேர்த்தால், நாளை அவர்கள் பதினைவரைச் சேர்த்திருக்கக் கூடும். ‘ஷேர்’ பெட்டியின் மூலையில் உள்ள சக்கரக் குறியை அழுத்தி, இந்த அனுமதியை நீக்கிவிடலாம். பார்ப்போர் தாளைப் பதிவிறக்கம் செய்யவும் அச்சிடவும் நகல் எடுக்கவும் தரப்பட்ட அனுமதியையும் அங்கேயே நீக்கலாம். ஆயினும் திரையைப் படம் பிடிப்பதை எந்தப் பூட்டாலும் தடுக்க முடியாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். காட்டக் கூடாததைக் காட்டாதிருப்பதே சிறந்த பாதுகாப்பு.

ஒரே கோப்பில் எல்லாம் வேண்டுமா?

ஆகவே, அடுத்த கேள்வி எழுகின்றது: யாருக்கு எது தேவை?

பள்ளிப் பேருந்துக்கு ஏற்பாடு செய்பவருக்கு மாணவர் பெயரும் ஏறும் இடமும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் போதும். குடும்ப வருமானம் அவருக்கு எதற்கு? உணவுப் பொட்டலம் வழங்குபவருக்கு முகவரி வேண்டும். வங்கிக் கணக்கு எண் வேண்டியதில்லை. எனவே தலைமைப் பட்டியலை ஒரு கோப்பில் வைத்து, அதைக் காண்போரை இரண்டு மூன்று பேராகச் சுருக்க வேண்டும். பிறருக்குத் தேவையான பத்திகளை மட்டும் புதியதொரு கோப்பில் நகலெடுத்துத் தர வேண்டும்.

‘புதிய கோப்பு’ என்று நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரே கோப்பில் இன்னொரு பக்கம் திறந்து, இரகசியப் பக்கத்தை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். பார்க்கும் உரிமை மட்டுமே உள்ளவரும் அக்கோப்பை நகலெடுத்தால், நகலில் மறைந்த பக்கத்தைத் திறந்து பார்த்துவிடலாம். வட அயர்லாந்தில் நேர்ந்தது இத்தகைய பிழையே. கட்டங்களைப் பிறர் மாற்றாதபடி ‘புரொடெக்ட்’ செய்யும் வசதியும் தற்செயலான அழிவைத் தடுப்பதற்கு உரியது. இரகசியம் காப்பதற்கு உரியதன்று.

விவரங்களைத் திரட்டும் வேளையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தாளைக் குழுவில் விட்டு ‘அவரவர் விவரத்தை நிரப்புக’ என்று சொன்னால், ஒவ்வொருவரும் மற்ற அனைவரின் வருமானத்தையும் அடையாள அட்டை எண்ணையும் காண்கின்றனர். வீட்டுச் சிறுவன் ஒருவனின் விரல் பட்டு, ஒரு குடும்பத்தின் வரியே அழிந்து போவதும் உண்டு. இதற்குப் பதிலாகக் ‘கூகுள் ஃபார்ம்’ என்னும் இணையப் படிவத்தைப் பயன்படுத்தலாம். நிரப்புபவர் தம் படிவத்தை மட்டுமே காண்பார். விடைகள் உரிமையாளரின் தாளில் வரிசையாகச் சேரும். படிவ அமைப்பில், நிரப்பியோர்க்கு விடைகளின் சுருக்கத்தைக் காட்டும் வசதி அணைக்கப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுதல் நலம்.

இணையப் பழக்கம் இல்லாத முதியோரை மறந்துவிடலாகாது. அவர்களுக்குத் தாளில் அச்சிட்ட படிவமும், எழுதித் தர ஒரு துணையும் வேண்டும். கோயில் அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டுவதாயின் பெயரும் வரிசை எண்ணும் மட்டுமே இருக்கட்டும்.

அழிந்ததை மீட்கும் வழி

பட்டியல் வெளியே போவது ஒரு தீங்கு. பட்டியல் மாறிப் போவது மற்றொரு தீங்கு. தோட்டம் கைமாறும்போது, அங்கே வாழ்ந்தோர் யார், எத்தனை ஆண்டுகள் என்பதற்கு ஆதாரமாகும் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயர் காணாமற் போனால் அதன் விளைவு என்ன என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, பின்னாளில் துன் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தோட்டங்களைத் தாங்களே வாங்கும் பொருட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குத் தொகை செலுத்தினர். பால் வெட்டிய கையால் கொடுத்த பணத்துக்கு அவர்கள் பெற்ற ஆதாரம் ஏட்டில் பதிந்த தங்கள் பெயரும் ஒரு இரசீதும்தான். ஏட்டில் உள்ள பெயர் என்பது உரிமை. அதை எழுதுபவர் அவ்வுரிமைக்குக் காவலர்.

இவ்வகையில் இணைய விரிதாள் பழைய புத்தகத்தைவிட மேலானது. புத்தகத்தில் அழித்து எழுதினால் யார் அழித்தது என்று அறிதல் கடினம். விரிதாளிலோ ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்னும் மாற்ற வரலாறு இருக்கின்றது. எந்த நாளில், எந்த நேரத்தில், எவருடைய கணக்கிலிருந்து எது மாற்றப்பட்டது என்பதை எழுதும் உரிமை உள்ளவர் அதில் காணலாம்; தேவையாயின் முந்தைய நிலைக்கே தாளைத் திருப்பிவிடலாம். ஆனால், கணக்கில் நுழையாத எவரும் எழுதலாம் என்று தாளைத் திறந்துவிட்டால், வரலாற்றில் பெயருக்குப் பதில் ‘பெயரறியாதவர்’ என்றே காணப்படும். காவலன் இருந்தும் கண் கட்டப்பட்ட நிலை அது.

சாவி யாரிடம்?

பூட்டு எவ்வளவு உறுதியானாலும் சாவி தெருவில் கிடந்தால் பயனில்லை. சாவியைப் பற்றி நான்கு செய்திகளைக் கூறுவோம்.

முதலாவது, சங்கத்துக்கென்று ஒரே கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்வது தவறு. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கின் வழியாகவே நுழைய வேண்டும். அப்போதுதான் ஒருவர் விலகும்போது அவரை மட்டும் நீக்க முடியும்.

இரண்டாவது, எழுதும் உரிமை உள்ள ஒவ்வொருவரும் இரண்டு படிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் பிறருக்குத் தெரிந்துவிட்டாலும், தொலைபேசியில் வரும் இரண்டாவது உறுதிப்பாடின்றி உள்ளே வர இயலாது. அந்த உறுதிப்பாட்டு எண்ணை எவர் கேட்டாலும் கூறக் கூடாது.

மூன்றாவது, ‘உங்களுடன் ஒரு கோப்புப் பகிரப்பட்டுள்ளது’ என்று வரும் போலி மின்னஞ்சல்கள். அவற்றை அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும் போலிப் பக்கம் திறக்கும். எதிர்பாராத அழைப்பு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே நல்லது.

நான்காவது, உரிமையாளர் யார் என்பது. செயலாளர் பதவி மாறும்போது ஏடுகளை ஒப்படைப்பது நம் வழக்கம். விரிதாளின் உரிமையையும் அவ்வாறே புதியவருக்கு முறைப்படி மாற்றித் தர வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளையும் அவற்றில் உள்ள கோப்புகளையும் கூகுள் நிறுவனம் நீக்கிவிடலாம் என்ற விதி 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பழைய செயலாளர் மறைந்தாலோ அக்கணக்கை விட்டாலோ, பல்லாண்டுப் பட்டியலும் உடன் மறைந்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நகலெடுத்துப் பத்திரப்படுத்துவதும், அந்நகலைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி வைப்பதும் விவேகம்.

சட்டம் என்ன கூறுகின்றது?

நமது நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வணிக நடவடிக்கைகளில் பிறருடைய சொந்த விவரங்களைக் கையாள்வோரை அது கட்டுப்படுத்துகின்றது. எதற்காக விவரம் கேட்கப்படுகின்றது என்று கூற வேண்டும். கூறிய நோக்கத்துக்கு மாறாக வெளியிடக் கூடாது. பாதுகாப்பாக வைக்க வேண்டும். தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது. தம்மைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் உரியவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். இவை அச்சட்டத்தின் ஏழு கோட்பாடுகளில் அடங்கியவை. 2024ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. கோட்பாடுகளை மீறுவோர்க்கான உச்ச அபராதம் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் 1 முதல், கடுமையான தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்துள்ளது.

கோயில் செயலவையும் மரண சகாய நிதியும் வணிகம் செய்வன அல்லவே என்று சிலர் கேட்கலாம். சட்டம் எட்டாத இடத்திலும் மனச்சான்று எட்டும். தம் வறுமையையும் நோயையும் நம்மிடம் நம்பிக் கூறியவரின் மானம் அந்தத் தாளில் இருக்கின்றது. சட்டத்தின் கோட்பாடுகளை நாமாகவே ஏற்று நடந்தால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

கசிந்துவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு விழிப்புடன் இருந்தாலும் தவறு நேரலாம். அப்போது பதற்றமோ மறைப்போ உதவாது. உடனே தாளின் பொது அனுமதியை ‘வரம்பிடப்பட்டது’ என்ற நிலைக்கு மாற்றுங்கள். சேர்க்கப்பட்டோர் பட்டியலைப் பார்த்து, அறியாதவர்களை நீக்குங்கள். குழுவில் அனுப்பிய இணைப்பை அழியுங்கள். எப்போது முதல் எப்போது வரை திறந்திருந்தது, என்னென்ன விவரங்கள் இருந்தன என்பதைக் குறித்து வையுங்கள்.

அதன்பின் உரியவர்களிடம் தெளிவாகக் கூறிவிடுங்கள். ஒருவரை நீக்கினாலும் அவர் முன்னரே எடுத்த நகல் அவரிடமே இருக்கும். ஆதலால் விவரம் வெளியே சென்றவர்களுக்கு எச்சரிக்கை தேவை. ‘உங்கள் எண்கள் பிறருக்குத் தெரிந்திருக்கலாம், வங்கி என்றோ அலுவலகம் என்றோ எவர் அழைத்தாலும் நம்ப வேண்டாம்’ என்று ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு முதியவர் கேட்டிருந்தால், அவருடைய ஆயுட்காலச் சேமிப்பு பிழைக்கக் கூடும். எவரேனும் ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பிவிட்டால், தாமதியாமல் அவருடைய வங்கியையோ, தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைத்து, பின்பு காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறிப் போகுமுன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கிக் கூறுவோம். அடுத்த செயலவைக் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி, சங்கத்தின் விரிதாளைத் திறந்து ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. இத்தாளைத் திறக்கக் கூடியவர்கள் யார் யார்? பொது அனுமதி வரம்பிடப்பட்டுள்ளதா?

2. எழுதும் உரிமை உள்ளோர் எத்தனை பேர்? அவர்களால் பிறரைச் சேர்க்க முடியுமா?

3. பதவி விலகியவர், ஊர் மாறியவர் எவரேனும் இன்னும் பட்டியலில் இருக்கின்றனரா?

4. தேவையற்ற அடையாள அட்டை எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் உள்ளனவா? பணி முடிந்த பழைய தாள்கள் இன்னும் திறந்து கிடக்கின்றனவா?

5. உரிமையாளருக்கு ஏதேனும் நேர்ந்தால், தாளைக் காக்கும் இரண்டாமவர் யார்?

இதற்குப் பணச் செலவு இல்லை, பெருங்கல்வியும் வேண்டியதில்லை. இயந்திரம் அறிந்த இளைஞரும் மனிதரை அறிந்த பெரியவரும் சேர்ந்து அமர்ந்தால் போதும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை இளைஞர் அறிவார். எந்தச் செய்தியை எவரிடம் சொல்லக் கூடாது என்பதைப் பெரியவர் அறிவார். விரிதாளைப் பாதுகாப்பதற்கு இவ்விருவர் அறிவும் வேண்டும்.

தோட்டத்துப் பட்டியல் பிறர் கையில் இருந்த காலம் ஒன்றிருந்தது. இன்று நம் பட்டியலை நாமே எழுதுகின்றோம், நாமே பகிர்கின்றோம். அதைப் பூட்டிக் காக்கும் பொறுப்பும் இனி நம்முடையதே.